குறட்டை, சர்க்கரை, வயிற்றுக் கொழுப்பு: முதலில் மெஷினா, எடைக் குறைப்பா?

பாம்பன் தீவில் நான் மருந்துக்கடை வைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. மாதம் பிறந்ததும் சீட்டோடு வருகிறவர்களில் பலருக்கு மூன்று தட்டுகளிலிருந்து மருந்து எடுக்க வேண்டியிருக்கிறது: சர்க்கரைக்கு மெட்பார்மின், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் அல்லது டெல்மிசார்டன், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின். அவர்களுள் சிலர் பையை வாங்கிக்கொண்ட பிறகும் நகராமல் நின்று, நான்காவதாகத் தூக்க மாத்திரை கிடைக்குமா என்று கேட்பார்கள். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறது என்பார்கள். சீட்டில்லாமல் அந்த மாத்திரையை நான் கொடுப்பதில்லை என்பது ஒருபுறமிருக்க, தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும் அம்மாத்திரைகள் பலவும் அவர்களுக்குக் கேடாகவே முடியக்கூடும் என்பதால், ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: ராத்திரி குறட்டை உண்டா, நடுவில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் யாராவது சொன்னார்களா?

அண்மைக் காலமாக அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தே வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். மருத்துவர் 'ஸ்லீப் ஆப்னியா', அதாவது தூக்க மூச்சுத்தடை, என்று எழுதி, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் மெஷினை வாங்கச் சொல்லியிருப்பார். தொப்பையைக் குறைத்தால் குறட்டை தானாக அடங்கும் என்று மகன் சொல்லியிருப்பான். வாரம் ஓர் ஊசி போட்டால் இரண்டும் தீரும் என்று வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் சொல்லியிருப்பார். எதை முதலில் எடுப்பது என்று சீட்டை நீட்டிக் கேட்கும் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லேன். ஆனால் விசைப்படகு டிரைவரான என் அண்ணன் இதே குழப்பத்தைக் கடந்து வந்தபோது கூடவே இருந்தவன். "மூச்சு நின்னுபோச்சோன்னு பயந்து மூக்குக்கிட்ட கையை வச்சுப் பார்ப்பேன், தம்பி" என்று மதினி சொன்னபோதுதான் எங்கள் வீட்டில் இது நோயாகத் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து அவர் எண்ணி, நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்து வைத்திருந்த கணக்கில் ஒரு நிறுத்தம் இருபத்தாறு நொடி.

## மூச்சுத்தடையும் சர்க்கரையும் ஒரே உடம்பில் சேர்வது ஏன்?

வளர்சிதை மாற்றக் கூட்டுநோய், அதாவது மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பது தனியொரு நோயின் பெயரன்று. ஐந்து அளவுகளில் மூன்று எல்லை தாண்டியிருந்தால் அந்தப் பெயர் வருகிறது. நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். இரத்தக் கொழுப்பில் ஒருவகையான டிரைகிளிசரைடு 150 அல்லது கூடுதல். நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழ். இரத்த அழுத்தம் 130/85 அல்லது கூடுதல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது கூடுதல். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு அளவு கட்டுக்குள் இருந்தாலும் அந்த அளவு கணக்கில் சேரும். 1988இல் ஜெரால்ட் ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் கூட்டத்துக்குச் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1998இல், வேறு சில ஆய்வாளர்கள் தூக்க மூச்சுத்தடையையும் அதனோடு சேர்த்துச் 'சிண்ட்ரோம் இசட்' என்று அழைக்கலாம் என்றனர். இரண்டும் அவ்வளவு அடிக்கடி ஒரே ஆளிடம் காணப்பட்டன.

காரணம் இருபுறமும் ஓடுகிறது. கழுத்திலும் நாக்கின் அடியிலும் சேரும் கொழுப்பு தொண்டைக் குழாயைக் குறுக்குகிறது. மல்லாந்து படுக்கும்போது வயிற்றுக் கொழுப்பு நுரையீரலை மேலே தள்ள, தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் இழுப்பும் குறைகிறது. தூக்கத்தில் தசை தளர்ந்ததும் குழாய் ஒட்டிக்கொள்கிறது. பத்து நொடியோ அதற்கு மேலோ காற்று நின்றால் அது ஒரு மூச்சுத்தடை. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டு உடம்பை அரைகுறையாக எழுப்புகிறது, அட்ரினலின் பாய்கிறது, இரத்த அழுத்தம் எகிறுகிறது, கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்து விடுகிறது. படுத்திருப்பவருக்கு இதில் எதுவும் நினைவில் இருப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் முப்பது முறை என்று ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது இன்சுலினின் சொல்லை உடம்பு கேட்பது குறைகிறது, இரவில் இறங்க வேண்டிய இரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கிறது, தூக்கம் கெட்டதால் பகலில் பசியும் கூடுகிறது.

கடையில் நான் அடிக்கடி காணும் ஓர் அடையாளத்தை இங்கே சொல்ல வேண்டும். இரவில் மூன்று, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதைச் சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். அடைபட்ட தொண்டையை எதிர்த்து மூச்சிழுக்கும்போது மார்புக்குள் ஏற்படும் இழுவிசையால் இதயத்தின் மேலறைகள் விரிந்து, சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. சர்க்கரை அளவு ஓரளவு கட்டுக்குள் இருந்தும் இரவில் எழுவது குறையவில்லை என்றால், மூச்சையும் சந்தேகிக்க வேண்டும்.

கடலில் உழைக்கிற உடம்புக்கு இதெல்லாம் வராது என்பார்கள். வல்லத்தில் துடுப்புப் போட்ட காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று விசைப்படகில் வலையை வின்ச் இழுக்கிறது, டிரைவர் உட்கார்ந்தே இரவைக் கழிக்கிறார். முறை வைத்துத் துண்டு துண்டாகத் தூங்கும் தூக்கமும், கரையேறியதும் விடியற்காலையில் தின்னும் பரோட்டாவும் சேர்ந்து அவருடைய இடுப்பளவைத் தீர்மானிக்கின்றன.

## எதை வைத்துத் தீர்மானிப்பது?

விலையை முதலில் பார்ப்பது இயல்பு. என் அனுபவத்தில் அது கடைசியில் வர வேண்டிய அளவுகோல். முதலாவதாகப் பார்க்க வேண்டியது தடையின் கடுமை. ஒரு மணி நேரத் தூக்கத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணிக்கையை ஏ.எச்.ஐ. என்கிறார்கள். 5 முதல் 15க்குள் இருந்தால் லேசானது, 15 முதல் 30க்குள் நடுத்தரம், 30ம் அதற்கு மேலும் கடுமையானது. இரண்டாவது, காத்திருப்பதில் உள்ள ஆபத்து. எடை குறைய ஆறு மாதம் ஆகும் என்றால் அந்த ஆறு மாதமும் அவர் வேன் ஓட்டுகிறாரா, படகின் சுக்கானைப் பிடிக்கிறாரா, மூன்று மாத்திரைக்கும் அடங்காத இரத்த அழுத்தம் உள்ளவரா என்பதைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, எந்த வழி எதைச் சரிசெய்கிறது என்பது; மூச்சை மட்டுமா, சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்தா? நான்காவது, இந்தக் கரையின் மின்சாரம், உப்புக்காற்று, தொழில் நேரம், நோன்பு மாதம் ஆகியவற்றோடு அதைத் தினமும் செய்ய முடியுமா என்பது. இவற்றுக்குப் பிறகு பணம். அதிலும் வாங்கும் விலையைவிட வாங்கியபின் வரும் செலவையே கவனமாகப் பார்க்க வேண்டும்.

## சோதனை: வீட்டிலா, ஆய்வகத்திலா?

ஏ.எச்.ஐ. தெரியாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது. அதற்கு முன் செலவில்லாத சல்லடை ஒன்று உண்டு. 'ஸ்டாப்-பேங்' என்ற எட்டுக் கேள்விகளில் குறட்டை, பகல் சோர்வு, பிறர் பார்த்த மூச்சு நிறுத்தம், இரத்த அழுத்தம், உடல் பருமன், ஐம்பதைத் தாண்டிய வயது, 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆண் என்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மூன்று வந்தால் யோசிக்க வேண்டும், ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பருமனுக்கு அதில் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 35 என்று வைத்திருக்கிறார்கள். ஆசிய மக்களுக்கு முக எலும்பின் அமைப்பாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் விதத்தாலும் அதைவிடக் குறைந்த எடையிலேயே தடை வருகிறது. ஆகையால் ஒல்லியான கைகால்களும் முன்தள்ளிய வயிறும் உள்ளவர் அந்தக் கேள்வியில் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வீட்டுச் சோதனையில் விரலில் ஆக்சிஜன் கவ்வி, மூக்கில் காற்றோட்டக் குழாய், மார்பில் பட்டை ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு சொந்தப் பாயிலேயே படுக்கலாம். செலவு குறைவு, வழக்கமான தூக்கமும் பதிவாகும். மூளை அலையைப் பதிவு செய்யாததால் ஆள் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்கினார் என்பது அதற்குத் தெரியாது. விழித்துக் கிடந்த நேரமும் வகுத்தியில் சேர்ந்து, எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். விரல் கவ்வி இரவில் கழன்றுபோனால் மறுபடி ஒரு நாள் செய்ய வேண்டும்.

ஆய்வகச் சோதனையில் மூளை அலை, கண்ணசைவு, இதயத் துடிப்பு, கால் அசைவு எல்லாம் பதிவாகின்றன. அதே இரவின் பிற்பாதியில் மெஷினைப் பொருத்தி எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்த்துவிடவும் முடியும். நம் பகுதியிலிருந்து இதற்குப் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போக வேண்டும். இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 170 கி.மீ.; துணைக்கு ஒருவர், போகவர வண்டி, இரண்டு நாள் தொழில் இழப்பு ஆகியவற்றைக் கட்டணத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஸ்டாப்-பேங் ஐந்துக்கு மேல் வந்து, வேறு பெரிய நோய் எதுவும் இல்லாதவருக்கு வீட்டுச் சோதனை போதும் என்பது என் கருத்து. இதயச் செயலிழப்பு, பக்கவாதம் வந்தவர்கள், நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள், வீட்டுச் சோதனையில் 'ஒன்றுமில்லை' என்று வந்தும் அறிகுறி மாறாதவர்கள் ஆகியோருக்கு ஆய்வகமே சரி. முதல் ஆலோசனைக்கே மதுரை வரை ஓட வேண்டியதில்லை. 2022இல் தொடங்கிய இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட்டு, தேவையென்றால் மேலே போகலாம்.

## வழி ஒன்று: சிபாப் மெஷின்

1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் கண்டுபிடித்த முறை இது. முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை ஒட்டாமல் தாங்கிப் பிடிக்கிறது. போட்ட அன்றிரவே மூச்சுத்தடை அடங்குகிறது. இவ்வளவு விரைவாகப் பலன் தரும் வழி வேறு இல்லை. அண்ணனுக்கு ஏ.எச்.ஐ. 38. மெஷினோடு நன்றாகத் தூங்கிய முதல் வாரத்திலேயே இரவில் நான்கு முறை எழுந்தவர் ஒரு முறையே எழுந்தார். காலைத் தலைவலி நின்றது.

ஆனால் மெஷின் வாங்கினால் சர்க்கரையும் இறங்கும் என்ற எதிர்பார்ப்போடு யாரும் பணம் கட்ட வேண்டாம். டெல்லியில் நடந்த ஓர் ஆய்வு, சிபாப் கூட்டுநோயின் பல அளவுகளையும் சீராக்குவதாக 2011இல் வெளியாகிப் பெரிதாகப் பேசப்பட்டது. தரவில் குறைகள் தெரியவந்ததால் 2013இல் அது திரும்பப் பெறப்பட்டுவிட்டது. பழைய செய்தி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் சிபாப் மட்டும், எடைக் குறைப்பு மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவாக 24 வாரம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இன்சுலின் எதிர்ப்பும் டிரைகிளிசரைடும் எடை குறைத்த பிரிவுகளில்தான் இறங்கின. சிபாப் மட்டும் போட்டவர்களிடம் அசையவில்லை. இரத்த அழுத்தம் இறங்கியது, அதிலும் இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கே கூடுதலாக இறங்கியது. அண்ணன் கதையும் அப்படியே இருந்தது. நான்கு மாத மெஷினுக்குப் பின் காலை இரத்த அழுத்தம் தணிந்தது, சர்க்கரை அறிக்கை பழையபடியே வந்தது, எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. சிபாப் போடுகிறவர்களுக்குச் சராசரியாகச் சிறிது எடை கூடுவது ஆய்வுகளிலும் பதிவாகியுள்ளது.

போடும் மணிக்கணக்கே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2016இல் வெளியான 'சேவ்' என்ற பன்னாட்டு ஆய்வில், இந்தியாவும் உட்பட ஏழு நாடுகளில் ஏற்கெனவே இதய, மூளை இரத்தக்குழாய் நோய் உள்ள 2,700க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தும் மெஷின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே போட்டிருந்தார்கள். குறைந்தது நான்கு மணி நேரம், பத்து இரவில் ஏழு இரவு என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கீழ்வரம்பு.

மறைச்செலவுகள் பல. மலிவான மெஷினே 25,000 ரூபாயை ஒட்டி வரும். அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகைக்கு இன்னும் கூடும். முகமூடியின் ரப்பர் விளிம்பு தேய்ந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். ஈரப்பதத் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். நம் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் வெள்ளைப் படலம் கட்டிவிடும். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் வேண்டும். அண்ணன் ஒரு முறை மெஷினைப் படகிலும் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார். இரண்டே பயணத்தில் காற்று வடிகட்டி சாம்பல் நிறமாகி, விரலால் தேய்த்தால் நரநரவென்று உப்பு உதிர்ந்தது. அதன் பிறகு மெஷின் வீட்டை விட்டு நகர்ந்ததில்லை. இராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் தொழிலுக்குப் போகின்றன. அந்த இரவுகளில் ஒருக்களித்துப் படுப்பதும், தூக்கம் சொக்கினால் சுக்கானை அடுத்தவரிடம் கொடுப்பதுமே அவருக்குப் பாதுகாப்பு.

தாடி, மீசை உள்ளவர்களுக்கு மூக்கையும் வாயையும் மூடும் பெரிய முகமூடியில் காற்று கசியும். மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய வகையைக் கேட்டுப் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கீழக்கரையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பெரிய முகமூடியோடு ஒரு மாதம் போராடி மூலையில் போட்டிருந்தார்; சிறிய வகைக்கு மாறியபின் தினமும் போடுகிறார். நோன்பு மாதத்தில் சஹருக்கு முன் ஒரு தூக்கம், பின் ஒரு தூக்கம் என்று இரவு இரண்டாகும். இரண்டிலும் மாட்ட வேண்டும்.

பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோருக்கு ஒரு சொல். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில், ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பொருள் சிதைவதால், பல லட்சம் மெஷின்களைத் திரும்பப் பெற்றது. அந்த மாதிரிகளில் ஏதும் உங்கள் கைக்கு வருகிறதா என்று மாதிரிப் பெயரையும் வரிசை எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி இரண்டு: எடையைக் குறைப்பது

கூட்டுநோயின் ஐந்து அளவுகளையும் சேர்த்துத் தொடும் வழி இது. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், எடை 10 விழுக்காடு குறைந்தவர்களுக்கு ஏ.எச்.ஐ. சராசரியாக 26 விழுக்காடு குறைந்தது. 10 விழுக்காடு கூடியவர்களுக்கு 32 விழுக்காடு கூடியது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் பருமனும் உள்ளவர்களிடையே நடந்து 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில், தீவிர உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஓராண்டில் சராசரியாக 10.8 கிலோ குறைந்தார்கள். மூச்சுத்தடையும் கணிசமாகக் குறைந்தது.

இந்த எண்களை நேர்மையாகப் படிக்க வேண்டும். ஏ.எச்.ஐ. 12 உள்ளவருக்குக் கால்வாசி குறைந்தால் அவர் ஏறத்தாழக் கரையேறிவிடுகிறார். 40 உள்ளவருக்குக் கால்வாசி குறைந்தால் 30. இன்னும் கடுமையான நிலையிலேயே இருக்கிறார். "தொப்பையைக் குறைத்தால் போதும்" என்ற மகனின் யோசனை முதல் ஆளுக்குச் சரியானது, இரண்டாம் ஆளுக்கு ஆபத்தானது.

மறைச்செலவு இதிலும் உண்டு, அது பணமாக வருவதில்லை. ஒரே குழம்பு, ஒரே சோறு என்று நடக்கும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தட்டு மாறும்போது சுமை சமைக்கிறவர் மேல் விழுகிறது. நம் கரையில் மீனுக்குக் குறைவில்லை. குழம்பு மீனைக் கூட்டிச் சோற்றைக் குறைப்பதும், பொரித்த மீனைவிட அவித்ததையும் குழம்பையும் நாடுவதும், இரவு பரோட்டாவை விடுவதும் எளிய தொடக்கம். கருவாட்டில் உப்பு மிகுதி, அதை இரத்த அழுத்தக்காரர்கள் குறைக்க வேண்டும். கருப்பட்டி, தொதல் எல்லாம் பனையிலிருந்து வந்தவைதானே என்று சலுகை கொடுக்க இடமில்லை; சர்க்கரை சர்க்கரைதான். கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உணவைச் சட்டென்று குறைத்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கக்கூடும் என்பதால், மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். இரவில் மது அருந்துகிறவர் அதை விட்டால் எடைக்கும் தொண்டைக்கும் ஒருசேர நன்மை.

நம் பகுதிக்கு ஒரு வாய்ப்பு இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2022இல் ஸ்பெயினில், நடுத்தர, கடுமையான மூச்சுத்தடை உள்ள பருமனான ஆண்களுக்குச் சிபாபோடு சேர்த்து எட்டு வாரத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள்: உணவு, நடைப்பயிற்சி போன்ற உடற்பயிற்சி, தூக்க ஒழுங்கு, மதுவும் புகையும் விடுதல். எட்டு வார முடிவில் ஏ.எச்.ஐ. ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. எட்டு வாரம் என்பது 56 நாள். அண்ணன் அந்த ஆண்டுத் தடைக்காலத்தில்தான் இரண்டையும் பிடித்தார்: கரையில் தொடர்ந்து தூங்கியதால் முகமூடி பழகியது, பகலில் சோர்வு இல்லாததால் மாலையில் பாலம் வரை நடக்கக் கால் வந்தது. 94 கிலோவிலிருந்து 86க்கு வந்த பிறகே சர்க்கரை அறிக்கை அசைந்தது.

## வழி மூன்று: வாராந்திர ஊசி

டிர்செபடைட் என்ற ஊசியைப் பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான மூச்சுத்தடைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் ஏற்றது. அதற்கு அடிப்படையான ஓராண்டு ஆய்வில் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, ஏ.எச்.ஐ.யும் பாதிக்கு மேல் இறங்கியது. மிக நல்ல பலன், ஐயமில்லை. ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் இதே ஊசியில் பொதுவாகச் சற்றுக் குறைவாகவே எடை இழக்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய், வாரத்துக்கு ஒன்று. விலை மாறலாம், தொடர வேண்டிய தேவை மாறாது. நிறுத்தினால் எடையின் பெரும்பகுதி திரும்புகிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு முதல் மாதங்களில் வரலாம். வெளியில் வைக்க 30 டிகிரிக்கு உட்பட்ட வெப்பமே ஏற்றது என்பதால், நம் சித்திரை வெயிலில் குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இதை வைத்திருக்க முடியாது. மாதச் செலவை இரண்டு ஆண்டுக்குத் தாங்க முடியுமா என்று கேட்டுப் பார்த்து, ஆம் என்றால் மட்டும் மருத்துவரிடம் பேச்சைத் தொடங்கச் சொல்வேன்.

## மற்றவை

கீழ்த்தாடையை முன்னிழுத்து வைக்கும் பல் கருவி லேசான, நடுத்தரத் தடைக்கும், மெஷினைத் தாங்கவே முடியாதவர்களுக்கும் உதவும். பற்கள் உறுதியாக இருக்க வேண்டும். வெற்றிலை, புகையிலையால் ஈறு கெட்டவர்களுக்குப் பொருந்தாது. மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை வருபவருக்கு, முதுகுப்புறம் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பதே பாதி மருத்துவம், செலவும் இல்லை. தொண்டை அறுவை, பெரிய டான்சில் போன்ற தெளிவான அடைப்பு உள்ளவர்களுக்கு நல்லது. மற்றவர்களுக்கு அதன் பலன் உறுதியில்லை, சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறுவதும் தாமதம். இரைப்பை அறுவை மிகுந்த பருமனுக்கான தனிப் பேச்சு.

| வழி | மூச்சுத்தடை | சர்க்கரை, கொழுப்பு, இடுப்பு | பலன் தெரியும் காலம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| சிபாப் | போடும் இரவெல்லாம் அடங்கும் | பெரிதாக மாறாது; இரத்த அழுத்தம் ஓரளவு இறங்கும் | அன்றிரவே | முகமூடி, நீர், இன்வெர்ட்டர், உப்புக்காற்று |
| எடைக் குறைப்பு | குறையும்; கடுமையானதில் மிச்சம் இருக்கும் | எல்லாம் சீராகும் | மாதங்கள் | வீட்டுச் சமையல் மாற்றம், தாழ்சர்க்கரை ஆபத்து |
| டிர்செபடைட் ஊசி | நன்கு குறையும் | நன்கு சீராகும் | மாதங்கள் | தொடர்செலவு, குளிர்பெட்டி, நிறுத்தினால் எடை திரும்புதல் |
| பல் கருவி | லேசானதில் நன்கு குறையும் | மாறாது | வாரங்கள் | பல், தாடை வலி, அளவெடுக்கப் பல முறை பயணம் |

## எந்த நிலையில் எது?

ஏ.எச்.ஐ. 15க்குக் கீழ், பகலில் தூங்கி விழுவதில்லை, இடுப்பளவு மட்டும் கூடியிருக்கிறது என்றால் மெஷினுக்குப் பணம் போட வேண்டாம். எடை, ஒருக்களித்த தூக்கம், மது விடுதல் என்று ஆறு மாதம் முயன்று மறுசோதனை செய்யலாம். ஏ.எச்.ஐ. 30க்கு மேல் உள்ளவர், வண்டியோ படகோ ஓட்டுபவர், மூன்று மருந்துக்கும் அடங்காத இரத்த அழுத்தக்காரர் ஆகியோர் மெஷினை முதலில் எடுக்க வேண்டும். எடைக் குறைப்பை அதே வாரத்தில் தொடங்க வேண்டும். ஒன்று முடிந்து மற்றொன்று என்று வரிசை வைப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. இடைப்பட்ட 15 முதல் 30 வரை உள்ளவர்களுக்கே உண்மையான தேர்வு இருக்கிறது. அங்கே பகல் தூக்கம் மிகுதி என்றால் மெஷின் பக்கமும், தூக்கம் பரவாயில்லை ஆனால் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ஏறிக்கொண்டிருக்கின்றன என்றால் எடையின் பக்கமும் சாய்வேன். மெஷின் வாங்குவதானால், முடிந்தால் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு வாங்குங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதவிலக்கு நின்ற பின் அவர்களுக்கும் மூச்சுத்தடை வெகுவாகக் கூடுகிறது, ஆனால் இடியோசைக் குறட்டையாக வராமல் தூக்கமின்மை, காலைத் தலைவலி, மனச்சோர்வு, காரணமில்லாத களைப்பு என்று வருகிறது. கூடத்தில் பேரப்பிள்ளைகளோடு தனியே படுப்பதால் மூச்சு நிற்பதைப் பார்க்க ஆளில்லை. கடலில் பாசி எடுத்துவிட்டு வருகிற ஒரு பெண்மணி களைப்புக்குச் சத்து மாத்திரை கேட்டு ஓராண்டாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அவருக்கு ஏற்கெனவே இருந்தன; நானும் வெகுகாலம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருபவர் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும்போது, அம்மாவின் குறட்டையையும் களைப்பையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் முதல் முறை போகும்போது நான்கு பொருள்கள் கையில் இருந்தால் பாதி நேரம் மிச்சமாகும்: தூங்கும்போது கைப்பேசியில் எடுத்த மூன்று நிமிடக் காணொளி, தொப்புள் மட்டத்தில் எடுத்த இடுப்பளவு, அண்மைய சர்க்கரை-கொழுப்பு அறிக்கை, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். பக்கத்தில் படுக்கிறவரையும் கூட்டிப் போங்கள். அண்ணன் உள்ளே போய்த் தனக்கு ஒன்றுமில்லை, நன்றாகவே தூங்குகிறேன் என்றுதான் சொன்னார். மருத்துவர் மதினியை உள்ளே அழைத்து, அந்த நாள்காட்டித் தாளை வாங்கிப் படித்த பிறகே சோதனைக்குச் சீட்டு எழுதினார்.